ஜர்னல் எழுதத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: நோட்டு, பேனா, மற்ற சாமான்கள்

நான் சிங்கப்பூரில் ஜர்னல், அதாவது நாட்குறிப்பு, எழுத நோட்டும் பேனாவுமாகத் திரிகிறவள் என்று தெரிந்துவிட்டால் போதும், கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், சில சமயம் மின்தூக்கிக்குள், இறங்க வேண்டிய மாடி வருவதற்குள். கேட்பவர்கள் வேறு வேறு, கேள்விகள் அநேகமாக அவையேதான். அதனால் அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

"அக்கா, ஜர்னல் எழுத ஆரம்பிக்கணும். முதல்ல என்னென்ன வாங்கணும்?"

ஒரு நோட்டு, ஒரு பேனா. அவ்வளவுதான். வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும் நோட்டு இருந்தால் அதுவும் வாங்க வேண்டாம். ஏதோ கருத்தரங்கில் கொடுத்தது, வங்கியில் கொடுத்தது என்று ஒன்றாவது நிச்சயம் இருக்கும். முதல் சில வாரம் அதில் எழுதுங்கள்.

நீங்கள் இரவில் மேசையில் உட்கார்ந்து எழுதுபவரா, ரயிலில் எழுதுபவரா? ஒரு நாளைக்கு நாலு வரியா, நாலு பக்கமா? படம் வரைவீர்களா, எதையாவது ஒட்டுவீர்களா? இதெல்லாம் எழுதிப் பார்த்தால்தான் உங்களுக்கே தெரியும். தெரிந்த பிறகு வாங்கும் நோட்டு வேறாக இருக்கும். இல்லை, புதிதாக வாங்கினால்தான் கை வரும் என்பவர்களுக்கு: ஏ5 அளவு, 7 மி.மீ. கோடு போட்ட நோட்டு ஒன்று, 0.5 மி.மீ. முனை ஜெல் பேனா ஒன்று. பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

"டிசம்பர்ல கடையெல்லாம் டைரியா அடுக்கி வச்சிருக்காங்க. தேதி போட்டது வாங்கலாமா, வெறும் நோட்டா?"

புதியவர்களுக்கு வெறும் நோட்டுதான். தேதி அச்சடித்த டைரியில் பத்து நாள் விட்டுப்போனால் பத்து வெற்றுப் பக்கம் முறைத்துப் பார்க்கும். பலர் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். வெறும் நோட்டில் இடைவெளி கண்ணில் படாது, ஒரே நாளில் ஆறு பக்கம் எழுதினாலும் இடம் இருக்கும். தேதி போட்டதுதான் பிடிக்கும் என்றால் ஜனவரி பாதி தாண்டட்டும். மிச்சம் இருப்பவை விலை இறங்கும்.

இதே மூச்சில் புல்லட் ஜர்னல் பற்றியும் கேட்பார்கள். அது ரைடர் கேரல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2013-இல் வெளியிட்ட முறை. பக்கத்துக்கு எண், முன்னால் ஒரு பொருளடக்கம், வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்ச்சிக்கு ஒரு சின்ன வட்டம், குறிப்புக்கு ஒரு சிறு கோடு. எந்த நோட்டிலும் செய்யலாம். இணையத்தில் நாம் பார்க்கும் பூவேலையும் வண்ண எழுத்தும் மற்றவர்கள் பின்னால் சேர்த்தது. அவை இல்லாமலே முறை வேலை செய்யும்.

"ஏ5, ஏ6, பி6னு என்னென்னவோ போட்டிருக்கு. எந்த சைஸ் நல்லது?"

ஏ5 என்பது 148 × 210 மி.மீ., அதாவது ஏ4 தாளில் சரிபாதி. மேசையில் எழுத இதுதான் வசதி. ஏ6 அதிலும் பாதி, 105 × 148. கைப்பையில் போட்டுக்கொள்ளலாம், நின்றுகொண்டும் எழுதலாம். ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு வரிக்கு நாலு சொல்தான் வரும், 'கொண்டிருக்கிறார்கள்' வந்தால் வரியே முடிந்தது. நடுவில் ஜப்பானிய பி6, 128 × 182. தினமும் கிழக்கு மேற்கு ரயில் பாதையில் முக்கால் மணி நேரம் பயணம் செய்பவர் என்றால் நான் சொல்வது பி6. கெட்டி அட்டை போட்டதாகப் பாருங்கள், மடியில் வைத்து எழுதும்போது வளையாது.

"கோடு, கட்டம், புள்ளி, ஒண்ணுமே இல்லாதது... எதை எடுக்கிறது?"

கடையில் இப்போது எங்கு பார்த்தாலும் புள்ளித் தாள்தான். 5 மி.மீ. இடைவெளியில் மங்கலாகப் புள்ளி வைத்திருப்பார்கள். பட்டியல் போட, அட்டவணை வரைய, மாதக் கணக்கு எழுத அது அருமை. புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு வேறு சந்தோஷமும் உண்டு: தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரு சிக்குக் கோலம் போட்டு முடித்துவிடலாம்.

ஆனால் தமிழில் பத்தி பத்தியாக எழுதுவதற்கு 5 மி.மீ. இறுக்கம். ஆங்கிலத்தில் 'ஏ', 'ஈ', 'ஓ' போன்ற சின்ன எழுத்துகள் வரியின் பாதி உயரத்தில் அடங்கிவிடும். நம் எழுத்தில் 'கி', 'தீ' மேலே வளையும், 'கு', 'மூ', 'ழு' கீழே இறங்கும். மேல் வரியின் 'மு'வும் கீழ் வரியின் 'தி'யும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அதனால் தமிழில் எழுதுபவருக்கு 7 மி.மீ. கோடுதான் முதல் தேர்வு, பொடி எழுத்து என்றால் 6. ஜப்பானிய கொக்குயோ கேம்பஸ் நோட்டுகளில் அட்டையிலேயே குறித்திருக்கும்: ஏ வகைக் கோடு 7 மி.மீ., பி வகை 6 மி.மீ.

வெற்றுத் தாள் படம் வரைபவர்களுக்கு. எழுத மட்டும் என்றால் நாலாவது வரியிலேயே எழுத்து மலையேறத் தொடங்கும். தாளுக்கு அடியில் கோடு போட்ட அட்டை ஒன்றை வைத்துக்கொண்டால் சரியாகும். சில நோட்டுகளுடன் அதையும் சேர்த்தே தருகிறார்கள்.

"ஜிஎஸ்எம் ஜிஎஸ்எம்னு சொல்றாங்களே, எவ்வளவு இருந்தா மை பின்னாடி தெரியாது?"

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். அலுவலக நகல் இயந்திரத்தில் போடும் தாள் வழக்கமாக 70 முதல் 80. எண் கூடினால் தாள் கனம் கூடும், எழுதியது மறுபக்கம் நிழலாகத் தெரிவது குறையும். இது வரை சரி. ஆனால் எண் பெரிதாக இருந்தால் மை கசியவே கசியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

மூன்று தொந்தரவுகளைப் பிரித்துப் பாருங்கள். மறுபக்கம் எழுத்தின் நிழல் தெரிவது ஒன்று. மையே ஊறி மறுபக்கம் புள்ளி புள்ளியாக வருவது இன்னொன்று. எழுத்தின் ஓரத்தில் நார் நாராக மை பரவுவது மூன்றாவது. முதலாவது தாளின் கனத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது. மற்ற இரண்டும் தாளை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தவை. தாள் தண்ணீரை உடனே உறிஞ்சாமல் இருக்கத் தயாரிப்பின்போது சில பொருள்கள் சேர்ப்பார்கள். அது போதாமல் இருந்தால் 100 ஜிஎஸ்எம் தாளிலும் மை பரவும். இதற்கு நேர்மாறான உதாரணம் டோமோ ரிவர் என்ற ஜப்பானியத் தாள்: வெறும் 52 ஜிஎஸ்எம், மிக மெல்லியது, ஆனால் மை பேனாவில் எழுதினாலும் ஊறாது. நிழல் மட்டும் நன்றாகத் தெரியும். எழுதியது காயவும் நேரம் எடுக்கும், உடனே நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் எண்ணை நம்பாதீர்கள், கையிலிருக்கும் பேனாவால் சோதியுங்கள். கடையில் மாதிரி நோட்டு வைத்திருந்தால் 'ண', 'ஞ', 'ஜ' என்று வளைவு நிறைந்த எழுத்துகளை எழுதிவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மாதிரி இல்லாவிட்டால் ஒரே ஒரு நோட்டு வாங்கி, வீட்டில் கடைசிப் பக்கத்தில் சோதித்த பிறகு அடுத்ததை வாங்குங்கள். ஐந்து நோட்டுக் கட்டு மலிவு என்று எடுத்துவந்து, ஐந்திலும் மை ஊறுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

"சரி, பேனா? எந்தப் பேனா தமிழுக்கு நல்லா இருக்கும்?"

தமிழுக்கென்று ஒருவர் பேனா கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது. நம் எழுத்துகளில் சுழியும் உள்வளைவும் அதிகம். 0.7 முனையில் சின்னதாக எழுதினால் 'ண'வின் சுழிகள் அடைபட்டு மைக்கறை மாதிரி ஆகிவிடும், 'ணை'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 7 மி.மீ. கோட்டில் 0.5 போதும், 5 மி.மீ. புள்ளித் தாளில் 0.38 எடுத்துக்கொள்ளுங்கள். 0.28, 0.3 போன்றவை தாளைக் கீறுவதுபோல இருக்கும். அழுத்தி எழுதும் கை என்றால் வேண்டாம்.

ஜெல் பேனாவில் முஜி, பைலட், யூனிபால், பென்டல் எது எடுத்தாலும் தொடங்குபவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முஜியின் 0.38 எனக்குக் கைவந்தது என்பதால் அதையே வாங்குகிறேன், வேறு காரணம் இல்லை. ஜெல் வேண்டாம், பால்பாயிண்ட் போதும் என்பவர்களுக்கு யூனியின் ஜெட்ஸ்ட்ரீம் வழுக்கிக்கொண்டு போகும், சீக்கிரம் காயும். எழுதியதன் மேல் வண்ணம் தீட்டுவீர்கள் என்றால் தண்ணீரில் கரையாத நிறமி மை வேண்டும். சகுராவின் பிக்மா மைக்ரான் அந்த வகை. அதன் எண்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள்: 01 என்று போட்டிருப்பது 0.25 மி.மீ., 05 என்பது 0.45 மி.மீ.

"நான் இடது கைக்காரன். எழுதினதெல்லாம் கையோட சேர்ந்து வந்துடுது."

இடமிருந்து வலம் எழுதும்போது உங்கள் கை எழுதிய இடத்தின் மேலேயே போகிறது, அதனால்தான். சீக்கிரம் காயும் பேனா எடுங்கள்: மேலே சொன்ன ஜெட்ஸ்ட்ரீம், இல்லையென்றால் பென்டல் எனர்ஜெல். டோமோ ரிவர் போல மெதுவாகக் காயும் தாளைத் தவிர்த்துவிடுங்கள். கம்பிச் சுருள் போட்ட நோட்டு உங்கள் கைக்கு இடிக்கும், மேல்பக்கம் சுருள் இருப்பதைப் பாருங்கள்.

"எங்கே வாங்கலாம்? ஆர்ச்சர்டுக்குத்தான் போகணுமா?"

வேண்டாம். குடியிருப்புப் பேட்டைக் கடைத்தொகுதியில் உள்ள பாப்புலரிலும் டைசோவிலும் தொடங்குவதற்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். டைசோவில் கத்தரி, பசை, பெட்டி, பை போன்ற துணைச்சாமான்கள் நல்ல விலை. நோட்டை மட்டும் மேலே சொன்ன மாதிரி சோதித்து வாங்குங்கள். முஜி கடைகளில் பேனாவைத் தொட்டு எழுதிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி.

நேரம் இருந்தால் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் போய்வாருங்கள். தேசிய நூலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 1980-இல் திறந்த கட்டடம். புத்தகக் கடைகள், ஓவியச் சாமான்கள், எழுதுபொருள்கள் என்று ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கலாம். ஜப்பானிய டைரி, நல்ல மை பேனா வேண்டுமென்றால் நீ ஆன் சிட்டியில் உள்ள கினோகுனியா புத்தகக் கடை. இந்தியாவில் எழுதிய மாதிரிப் பேனா வேண்டும் என்று ஏங்குபவர்கள் சையது ஆல்வி சாலை முஸ்தபாவில் எழுதுபொருள் பகுதியைத் தேடிப் பாருங்கள். தேக்காவில் காய்கறி வாங்கப் போகும்போது சேர்த்துச் செய்துவிடலாம்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவிப்பது முன்பு போல அவ்வளவு லாபமில்லை. 2023 ஜனவரி 1 முதல் 400 வெள்ளி வரையிலான இறக்குமதிப் பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 ஜனவரி முதல் அந்த வரி 9 விழுக்காடு. அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு இங்குள்ள கடை விலையோடு ஒப்பிடுங்கள்.

"நோட்டைத் திறந்து வச்சா தானா மூடிக்குது. எரிச்சலா இருக்கு."

கட்டு முறைதான் காரணம். முதுகில் பசை மட்டும் தடவி ஒட்டிய நோட்டு அப்படித்தான் மூடிக்கொள்ளும், அழுத்தி விரித்தால் சில மாதங்களில் தாள் கழன்று வரும். நூலால் தைத்த நோட்டு மேசையில் தட்டையாகக் கிடக்கும். வாங்கும்போது நோட்டின் தலைப்பக்கத்தைப் பாருங்கள்: தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் தையல், ஒரே கனமான அடுக்காகத் தெரிந்தால் பசை.

"தமிழ்ல எழுத ஆசை. ஆனா ஸ்கூல் முடிச்சப்புறம் தமிழ்ல கையால எழுதினதே இல்ல. கையெழுத்து கேவலமா இருக்கு."

இந்த ஊரில் வளர்ந்தவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்கிறார்கள். கைபேசியில் தட்டச்சு செய்து செய்து கை மறந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். தொடக்கத்தில் வழுக்கும் ஜெல் பேனா வேண்டாம். சற்று உராயும் பென்சிலோ சாதாரண பால்பாயிண்டோ எடுத்தால் சுழிகளின் மேல் கட்டுப்பாடு கிடைக்கும். கோடு 7 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

அப்புறம், முழுக்கத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம், மேலாளர், சிபிஎஃப் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தால் வரட்டும், அம்மா தொலைபேசியில் சொன்னது தமிழில் வரட்டும். நான் பார்த்த நோட்டுகளில் உயிருள்ளவை எல்லாம் இப்படிக் கலந்து எழுதியவைதான்.

"மை பேனா வாங்கலாமா? ரொம்பச் செலவாகுமா?"

ஆகாது. பிளாட்டினம் பிரெப்பி, பைலட் காக்குனோ இரண்டும் தொடங்குபவருக்காகவே செய்தது போல இருக்கும். பிரெப்பியின் மூடி காற்றுப் புகாதது, பல வாரம் தொடாமல் வைத்தாலும் உடனே எழுதும். எப்போதாவது எழுதுபவருக்கு இது முக்கியம். காக்குனோவின் நிப்பில் சிரிக்கும் முகம் ஒன்று பொறித்திருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதற்கு அடுத்த படி லாமி சஃபாரி, 1980-இல் வந்த ஜெர்மன் பேனா. பிடிக்கும் இடம் முக்கோணமாக இருப்பதால் சிலருக்கு ஒத்துவராது, பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஜப்பானிய 'எஃப்' (ஃபைன், அதாவது மெல்லிய) நிப், ஐரோப்பிய 'எஃப்' நிப்பைவிட மெல்லியதாக எழுதும். மேலே சொன்ன சுழி அடைபடும் பிரச்சினையை நினைவில் வைத்துக்கொண்டால், தமிழுக்கு ஜப்பானிய 'எஃப்' பொருத்தம். இரண்டாவது, பைலட், பிளாட்டினம், லாமி மூன்றுக்கும் மைக்குழாய் வேறு வேறு, ஒன்றில் இன்னொன்று பொருந்தாது. மை பாட்டில் வாங்குவதென்றால் உறிஞ்சி நிரப்பும் கன்வெர்ட்டரைத் தனியாக வாங்க வேண்டிவரும்.

சாதாரண மை தண்ணீரில் கரையும். ஒரு கோப்பைத் தே தாரிக் கவிழ்ந்தால் ஒரு வாரத்துக் கதை நீலக் குளமாகிவிடும். அழியாத நிறமி மை உண்டு, பிளாட்டினம் கார்பன், செய்லர் கிவாகுரோ போல. ஆனால் அதைப் பேனாவுக்குள் காயவிட்டால் அடைத்துக்கொள்ளும். தினமும் எழுதுகிறவர்கள் மட்டும் அதைத் தொடுங்கள்.

"வாஷி டேப், ஸ்டிக்கர், முத்திரை... இதெல்லாம் இல்லாம ஜர்னலா?"

இல்லாமல் தாராளமாக. இருந்தால் சந்தோஷம். வாஷி டேப் முதலில் அலங்காரத்துக்கு வந்ததே இல்லை. சாயம் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டும் மறைப்பு நாடாதான் அது. ஜப்பானின் குராஷிகியில் உள்ள கமோய் கக்கோஷி என்ற நிறுவனம், 1923-இல் ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்யத் தொடங்கியது, 2008-இல் வண்ண நாடாக்களை 'எம்டி' என்ற பெயரில் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் உலகமெங்கும் இந்தப் பைத்தியம்.

ஒட்டினால் கிழியாமல் எடுக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அதே காரணத்தால் கனமானதைப் பிடித்துவைக்காது. இரண்டு சுருள் போதும், 15 மி.மீ. அகலத்தில் ஒன்று, அதைவிட மெல்லியதாக ஒன்று. ஸ்டிக்கர் தொகுப்பு வாங்கும் முன் முந்தைய தொகுப்பில் எத்தனை மிச்சம் என்று பாருங்கள்.

"சினிமா டிக்கெட், சாப்பாட்டுக் கடை ரசீது எல்லாம் ஒட்டி வச்சேன். ஒரு வருஷத்துல எழுத்தெல்லாம் காணோம்!"

அது வெப்பத் தாள். மை இல்லாமல், சூட்டில் கருக்கும் பூச்சில் அச்சிடுவது. வெளிச்சமும் சூடும் பட்டால் மங்கும். மேலே ஒளிபுகும் செல்லோடேப் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். வேண்டிய ரசீதை நகல் எடுத்து நகலை ஒட்டுங்கள், இல்லையென்றால் கடை, தேதி, சாப்பிட்டது எல்லாவற்றையும் பக்கத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். அன்று யாரோடு போனீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ரசீதில் அது இருக்காது.

ஒட்டுவதற்குத் தண்ணீர்ப் பசை வேண்டாம், தாள் சுருங்கிவிடும். பசைக்குச்சியோ உருட்டும் பசை நாடாவோ நல்லது. நிறைய ஒட்டினால் நோட்டு வீங்கி மூடாமல் போகும். ஒட்டும் பக்கத்துக்கு அடுத்த ஒரு தாளை அடியில் சிறிது விட்டு வெட்டி எடுத்துவிட்டால் சரியாக இருக்கும். பசையால் கட்டிய நோட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

"அழிக்கக்கூடிய பேனா இருக்கே, அதுல எழுதினா தப்பே தெரியாதே?"

பைலட் ஃபிரிக்ஷனைச் சொல்கிறீர்கள். வாரத் திட்டம் போட அருமையான பேனா. ஆனால் அது அழிவது ரப்பர் சுரண்டி அல்ல, தேய்க்கும்போது எழும் சூட்டில். ஏறத்தாழ 60 டிகிரியில் அந்த மை நிறமற்றுப் போகும். நம் ஊர் வெயிலில் திறந்த வாகன நிறுத்துமிடத்தில் காரின் முன்பலகைமேல் நோட்டை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பக்கம் வெறுமையாக இருக்கலாம். உறைபெட்டியில் வைத்து மைனஸ் 10, 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் எழுத்து திரும்பிவரும், ஆனால் நீங்கள் அழித்த பிழைகளும் சேர்ந்தே திரும்பும்.

நாள்பட வைத்துக்கொள்ள நினைப்பதை அதில் எழுத வேண்டாம். படிவம், கையெழுத்து, காசோலை எதற்கும் கூடவே கூடாது.

"நம்ம வெதருக்கு நோட்டெல்லாம் மஞ்சப் புள்ளி வந்துடுது. எப்படிப் பாதுகாக்கிறது?"

சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகல்தான் 60 வாக்கில் இறங்கும். 65, 70க்கு மேல் நீடித்து நின்றாலே தாளில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் இது உங்கள் கவனக்குறைவு அல்ல.

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள், குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கமும் வேண்டாம். நோட்டுகளை நெருக்கி அடுக்காமல் காற்றுப் புகும்படி நிறுத்தி வையுங்கள். எழுதி முடித்தவற்றை, நன்றாகக் காய்ந்த நாளில், மூடி இறுகிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். ஈரமான பெட்டியை மூடி வைப்பது திறந்து வைப்பதைவிட மோசம். கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தார் இருந்தால் ஒரு தட்டு கேட்டுப் பாருங்கள். இராமபாணப் பூச்சி வருவதும் இதே ஈரத்தால்தான், அட்டைப்பெட்டியில் வைத்தால் அதையும் சேர்த்துத் தின்னும். தோலால் செய்த உறைகளுக்கும் பூஞ்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

"எல்லாரும் ஹோபோனிச்சி, டிராவலர்ஸ் நோட்புக்னு சொல்றாங்க. அந்த விலைக்குத் தகுமா?"

ஹோபோனிச்சி டெச்சோ நாளுக்கு ஒரு பக்கம் தரும் ஜப்பானிய டைரி. தாள் மேலே சொன்ன டோமோ ரிவர் வகை. ஏ6 அளவில் வரும் மூல வடிவில் கட்டம் 3.7 மி.மீ. தான். ஜப்பானியத்தில் எழுதுபவருக்குச் சரி, தமிழில் எழுதினால் இரண்டு கட்டத்துக்கு ஒரு வரி எழுத வேண்டியிருக்கும், பக்கம் சீக்கிரம் நிறையும். அதோடு அது தேதி போட்டது, இரண்டாவது கேள்வியில் சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும். ஒரு வருடம் விடாமல் எழுதியவர் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

டிராவலர்ஸ் நோட்புக் 2006-இல் வந்தது. தாய்லாந்தின் சியாங் மாயில் செய்த தோல் உறை, உள்ளே மெல்லிய நோட்டுகளை ரப்பர் வாரில் மாட்டலாம். ஒன்று வேலைக்கு, ஒன்று வீட்டுக்கணக்குக்கு, ஒன்று சொந்த எழுத்துக்கு என்று பிரித்துக்கொள்பவருக்கு இது நிஜமாகவே பயன்படும். ஒரே நோட்டில் எல்லாம் எழுதுபவருக்கு அழகான தோல் உறை மட்டுமே மிஞ்சும், அதுவும் போன பதிலில் சொன்ன மாதிரி துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும்.

"பையன் தொடக்கநிலை மூணு. தமிழ்ல டைரி எழுத வைக்கலாம்னு பாக்குறேன். என்ன வாங்கித் தரலாம்?"

அவனையே கடைக்குக் கூட்டிப்போய் எடுக்கவிடுங்கள். கோடு அகலமாக, 8 மி.மீ.க்கு மேல் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் பாதி கோடு, பாதி வெற்றிடம் உள்ள நோட்டு கிடைத்தால் மிக நல்லது, பாதியில் படம் போடுவான். எழுதப் பென்சில் போதும். எழுதியதில் சிவப்பு மையால் பிழை திருத்தாதீர்கள், அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும் மாதத்தில் தொடங்குபவர்கள் பலர். பள்ளியிலும் நூலகத்திலும் தமிழ் நிகழ்ச்சிகள் இருப்பதால் எழுத விஷயம் கிடைக்கும் என்பது உண்மைதான்.

"வீட்ல யாராவது படிச்சிட்டா?"

பூட்டுப் போட்ட டைரி வாங்க வேண்டாம், 'என்னைத் திற' என்று சொல்வது அதுதான். மந்தமான அட்டையும், முதல் பக்கத்தில் மளிகைக் கணக்கும் போதும். வீவக அடுக்குமாடி வீட்டில் நாலு பேர் இருக்கும் இடத்தில் அலுவலகப் பையைவிடப் பத்திரமான இடம் இல்லை. எழுதியே ஆக வேண்டும், ஆனால் வைத்திருக்கக் கூடாது என்றால் தனித்தாளில் எழுதிக் கிழித்துப் போடுங்கள்.

"எட்டு நோட்டு வாங்கி வச்சிருக்கேன். ஒண்ணுலகூட எழுதல. அழகா இருக்கு, கெடுத்துடுவோமோன்னு பயம்."

எட்டிலும் மிக அழகானதை யாருக்காவது பரிசாகக் கொடுத்துவிடுங்கள். மிக மட்டமானதை எடுத்து, முதல் பக்கத்தை விட்டுவிட்டு மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்ற தவிப்பில்தான் பெரும்பாலானவர்கள் நிற்கிறார்கள். கடைசிப் பக்கத்தைப் பேனா சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஏற்கெனவே கிறுக்கல் இருந்தால் பயம் பாதி போய்விடும். மற்ற ஆறும் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும், சிலிகா ஜெல்லோடு.

"திருச்சிக்குப் போறேன். மை பேனாவை ஃபிளைட்ல எடுத்துட்டுப் போகலாமா? கசியும்னு சொல்றாங்க."

போகலாம். விமானம் ஏறும்போது கேபினில் காற்றழுத்தம் குறையும், பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆகவே முழுக்க நிரப்பிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் காலியாக. பாதி நிரப்பியதுதான் தொல்லை. நிப் மேல்நோக்கி இருக்கும்படி சட்டைப்பையிலோ பையின் உள்ளறையிலோ செருகுங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் திறக்காதீர்கள், சந்தேகத்துக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் பை.

மை பாட்டிலும் திரவம்தான். கையில் கொண்டுபோவதென்றால் 100 மி.லி. வரம்பு, மற்ற திரவங்களோடு அதே ஒளிபுகும் பையில் போக வேண்டும். 50 மி.லி. பாட்டில் வரம்புக்குள் அடங்கும். ஆனாலும் இரண்டு மைக்குழாய் எடுத்துப்போவது சுலபம். அங்கே போய் எழுதத்தான் தாள் வேண்டும் என்றால் ஊர்க் கடையிலேயே ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கத்தில் சோதித்துவிட்டு.